குனிந்து பார்க்கிற கேமரா

எக்ஸ்ரே அக்காவுக்கு வேலையில் தடுமாற்றமே கிடையாது. எந்த எலும்பை எந்தக் கோணத்தில் எடுக்கணும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால்தான் சிக்கல். செருப்புக் கடையில் இரண்டு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் என்றால் கடை சாத்தும் நேரம் வந்துவிடும். "ஒண்ணை எடு, இல்லேன்னா ரெண்டையும் எடு" என்று கணவர் அலுத்துக்கொள்வார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க "லெஃப்ட்ல திருப்புங்க, ரைட்டைப் பாருங்க" என்று சொல்லியே தொண்டை கட்டிப்போனவர்.

அந்த அக்காவிடம்தான் மயக்க மருந்து டாக்டர் தன் பழைய ஃபிலிம் கேமராவைக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போனார். இத்தனை காலம் ஆட்களுக்கு உள்ளே இருப்பதையே எடுத்தீர்கள், இனி கொஞ்சம் வெளியேயும் எடுங்கள் என்று சொல்லி, டர்க்கி டவலில் சுற்றிக் கையில் வைத்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் செங்கல் கனத்துக்கு ஒரு சதுரப் பெட்டி. முன்னால் லென்ஸ், பின்னால் அகல ஃபிலிம் போடுகிற டப்பா, எல்லாம் சரி. மேலே மட்டும் ஒன்றும் இல்லை. மங்கலான ஒரு சதுரக் கண்ணாடி வானத்தைப் பார்த்துக் கிடந்தது. எங்கே கண்ணை வைப்பது என்று அவள் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தலையில்லாத முண்டம் மாதிரி இருக்கிறதே என்றார் கணவர்.

கேமரா ரிப்பேர்க் கடைக்காரர் அதைப் பார்த்ததும் சிரித்தார். இந்த மாதிரிக் கேமராவுக்குத் தலை தனி. கண் வைத்துப் பார்க்கிற அந்த வியூஃபைண்டரை நம் இஷ்டத்துக்கு மாட்டலாம், கழற்றலாம். ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மடித்து விரிக்கிற மூடி: கேமராவை வயிற்றுப் பக்கம் பிடித்துக் குனிந்து பார்க்கணும், எடை இல்லை, ஆனால் இடம் வலமாகத் தெரியும். நேர் பிரிசம்: கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கலாம், எல்லாம் உள்ளபடி தெரியும், ஆனால் கேமராவின் கனம் ஒன்றரை மடங்காகிவிடும். சாய்ந்த பிரிசம்: பாதி குனிந்தால் போதும். அப்புறம் கைப்பிடி, கோடு போட்ட கண்ணாடி, வெயில் மறைப்பு, தோளுக்கு அகல வார்.

"இதுல எது நல்லது?" என்று கேட்டாள்.

"யாரை எடுக்கப் போறீங்க, எப்படி நின்னு எடுக்கப் போறீங்கன்னு சொன்னாத்தானே சொல்ல முடியும்?"

அக்கா அதை யோசித்திருக்கவே இல்லை. அவர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். கேட்கக் கேட்கத் தலை சுற்றியது. கடைசியில் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், வேண்டாததைத் திருப்பிக் கொடுங்கள் என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அப்போது வீட்டில் நாத்தனார் வந்து தங்கியிருந்தார். அவர் வீட்டுக் கூரை ஒழுகி, வேலை நடந்துகொண்டிருந்தது. நாத்தனாருக்கும் அக்காவுக்கும் ஏழு வருஷமாக நேர்ப்பேச்சு இல்லை. "உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு, குழாயில தண்ணி நின்னுபோச்சு" என்று தம்பியிடம் சொல்வார். வீட்டுக்காரி மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

விஷயம் இதுதான். நாத்தனாரின் கணவர் இருமலோடு எக்ஸ்ரே எடுக்க வந்திருந்தார். எடுத்தது அக்கா. படத்தில் இடது நுரையீரலில் ஒரு நிழல். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ரே எடுக்கிறவர்கள் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. "டாக்டர் பார்த்துச் சொல்வாருண்ணே" என்று அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. போனாள், சாப்பிட்டாள், அண்ணன் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கவும் செய்தாள். டாக்டர் விஷயத்தைச் சொன்ன அடுத்த வருஷம் அண்ணன் போய்விட்டார். தெரிந்துகொண்டே வந்து என் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போனாள் என்று நாத்தனார் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார். தான் செய்தது சரியா தப்பா என்று அக்காவுக்கு இன்றுவரை முடிவாகவில்லை. தப்பென்றால் மன்னிப்புக் கேட்கலாம். சரியென்றால் விட்டுவிடலாம். இரண்டும் இல்லாததால் நாத்தனார் முகத்தைப் பார்க்காமலே காலத்தை ஓட்டினாள்.

முதலில் நேர் பிரிசத்தை மாட்டினாள். நாத்தனார் பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருந்தது. அக்கா கேமராவைத் தூக்கி முகத்தோடு வைத்தாள். மணிக்கட்டு விண்ணென்றது. உள்ளே நாத்தனார் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாக, இவளையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் தம்பியைக் கூப்பிட்டார். "எனக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறாளாமா? பார்த்தாலும் சொல்லவா போறா?"

அக்கா கேமராவை இறக்கிவிட்டாள். அன்றைக்கு அதோடு சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடக்கு மூடியை மாட்டினாள். இதில் வேறு கூத்து. கதவு ஓரத்தைப் படத்திலிருந்து தள்ளலாம் என்று கேமராவை ஒரு பக்கம் திருப்பினால் கதவு இன்னும் உள்ளே வந்தது. தினமும் இடம் வலம் மாறிய எக்ஸ்ரே படங்களோடு குடும்பம் நடத்துகிறவளுக்கே இந்தக் கண்ணாடி பிடிபடவில்லை. பின்னால் நின்று கணவர் "லெஃப்ட், லெஃப்ட்" என்றார். யாருடைய லெஃப்ட் என்று கேட்டாள். அவரே குழம்பிப்போய், பாடம் எடுக்க நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

நாத்தனார் அதே ஸ்டூலில், அதே துணிக் குவியலோடு இருந்தார். அக்கா இரண்டு முழங்கையையும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு, கேமராவை வயிற்றில் அணைத்து, தலையைக் குனிந்து நின்றாள். ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூடிக்குள் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. அதில் கண்ணை ஒட்டி வைக்க வேண்டும் என்பதால் இன்னும் குனிந்தாள். ஏற்கெனவே கழுத்து எலும்பு தேய்ந்த ஆள் அவள். வலி பின்மண்டையில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் நிமிர மனசில்லை. கண்ணாடியில் தெரிந்த நாத்தனார் முறைக்கவில்லை. ஒரு சட்டையைப் பாதி மடித்தபடி மடியில் வைத்துக்கொண்டு, என்னவோ யோசனையில் இருந்தார். முகத்தில் இத்தனை சுருக்கம் எப்போது விழுந்தது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பட்டனை அழுத்தினாள். கதவு அறைந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அப்படியே குனிந்து நின்றாள். கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது.

"இப்படி ஒரு தடவை வந்து நிக்கமாட்டியான்னுதான் இத்தனை வருஷமாப் பார்த்தேன்" என்றார் நாத்தனார். தம்பி வீட்டிலேயே இல்லை. "போதும், தலையை நிமிர்த்து."

அக்கா மெல்ல நிமிர்ந்தாள். கன்னம் நனைந்திருந்தது. நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த சட்டையை நீட்டி, துடைச்சுக்கோ என்றார்.

அன்று சாப்பிடும்போது நாத்தனார் நேராக அக்காவைப் பார்த்து, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். கணவர் கையில் எடுத்த கவளத்தை வாயில் போட மறந்துவிட்டார். பிறகு அக்கா தனியாக அவரிடம் நடந்ததைச் சொன்னாள். தான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, ஃபோகஸ்தான் பார்த்தேன், கண்ணீர் கழுத்து வலியில் வந்தது, இப்போது என்ன செய்வது என்று கேட்டாள். கூடி வந்ததைக் கலைக்காதே, ஊமையாக இரு என்றார் அவர். ஊமையாக இருந்ததால்தானே முன்பு வினையே வந்தது என்று அவளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இதே யோசனை. ஒரு நோயாளியிடம் மூச்சைப் பிடிங்க என்று சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனாள். அந்த ஆள் முகம் சிவந்து, தானாகவே விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் நாத்தனார் துணி மடிக்கும்போது அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, அன்னைக்கு நான் கண்ணாடியைத்தான் குனிஞ்சு பார்த்துட்டு இருந்தேன்."

நாத்தனார் கை நின்றது.

"அப்ப நீ மன்னிப்புக் கேக்கலையா?"

அக்கா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "தெரியலைண்ணி. அண்ணன்கிட்ட அன்னைக்குச் சொல்லியிருக்கணுமா, கூடாதான்னே இன்னும் தெரியலை. சாப்பிடும்போது சிரிச்சேனே, அதுமட்டும் இன்னும் தொண்டையில நிக்குது."

நாத்தனார் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் கோணலாக மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அவரு ஜோக்குக்கு அவருக்கே சிரிப்பு வராது. நீ ஒருத்திதான் சிரிச்சே" என்றார். "தெரியலைன்னா, கேட்டதாவே வச்சுக்கிறேன். போ."

ஃபிலிமைக் கழுவி வந்த படத்தில் பாதி கதவு. நாத்தனார் ஓரமாகச் சாய்ந்து, கப்பலில் போகிறவர் மாதிரி இருந்தார். இதற்கா கழுத்தை ஒடித்துக்கொண்டாய் என்று நாத்தனார் கேட்டார். ஆனால் படத்தைத் திருப்பித் தரவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடைக்காரர் எது பிடித்தது என்று கேட்டபோது, நேர் பிரிசத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க மேஜை மேல் வைத்தாள். குனிந்து பார்க்கிற மடக்கு மூடி கழுத்துக்கு ஆகாது, ஆனாலும் அதைக் கொடுக்க மனசு வரவில்லை. சாய்ந்த பிரிசம் கழுத்துக்கு ஆகும், ஆனால் அதை இன்னும் மாட்டிப் பார்க்கவே இல்லை. ஆக இரண்டும் இருக்கட்டும் என்றாள். எதற்கு இரண்டு என்றார் அவர். அவளால் விளக்க முடியவில்லை.

கூரை வேலை முடிந்து நாத்தனார் கிளம்புகிற அன்று, ஒழுங்காக ஒரு படம் எடு என்று தானாகவே வந்து பால்கனியில் நின்றார். அக்கா சாய்ந்த பிரிசத்தை மாட்டி, பாதி குனிந்தாள்.

"நான் எங்க பார்க்கணும்? பெட்டியையா, உன்னையா?" என்றார் நாத்தனார்.

அக்கா கேமராவைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. "உங்களுக்கு எங்க தோணுதோ அங்க பாருங்கண்ணி" என்றாள்.