மத்தியானத்தில் நிறுத்திய காற்று

செம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை என்று தலையில் கட்டிவிட்டார்கள். கழிவுநீர்த் தொட்டியும் என் பொறுப்பு. அதற்குள் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் எங்கள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். அவை மூச்சுவிட ஒரு ப்ளோயர் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும்.

அந்த ப்ளோயர் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. பகலில் மற்றவர்கள் சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்துக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். வயிற்றில் புற்றுநோயோடு படுத்திருந்த என் மனைவிக்குத்தான் அந்த இரைச்சல். வலியோடு கிடப்பவள் கொஞ்சம் கண்ணசருவதே மத்தியானத்தில்தான். அதையும் இந்த மெஷின் பிடுங்குகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் மத்தியானத்தில் அதை நிறுத்தச் சொன்னேன்.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை. அன்று பேசினார்.

"சார், ரெண்டு மணி நேரம்னா தாங்கும். அதுக்கு மேல போனா அல்லாம் செத்துப்பூடும்."

எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று எரிந்து விழுந்தேன். முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவன் அல்லவா, திமிர்!

இரண்டு மணி நேரம் நான்காகி, பிறகு ஆறானது. அவள் நன்றாகத் தூங்கினாள். அந்த முகத்தைப் பார்த்தால் ப்ளோயரைப் போடச் சொல்ல வாய் வராது. இரண்டாவது வாரம் அவர் ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வந்து காட்டினார். அரைமணியில் அடியில் படிய வேண்டிய பழுப்புச் சேறு, கறுத்துக் கலங்கிக் கிடந்தது. அழுகின முட்டை நாற்றம். சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றினாலும் மறுபடி உயிர் பிடிக்க மூன்று வாரமாவது ஆகும் என்றார்.

ஜன்னலைச் சாத்தினாலும் நாற்றம் உள்ளே வந்தது. என் மனைவி அடிக்கடி உடம்பைத் துடைத்துவிடச் சொன்னாள். சர்ச்சிலிருந்து ஜெபிக்க வந்தவர்களை வாசலோடு அனுப்பச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"உள்ள அழுகிடுச்சுங்க. எனக்கே தெரியுது" என்று அழுதாள்.

பதறிப்போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ப்ளோயரை நிறுத்தியது, தொட்டி செத்தது, என் புத்திகெட்ட வேலை எல்லாம். தொட்டிக்காரரையும் மேலே கூட்டி வந்து சொல்லவைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

தொட்டி தெளியும்வரை அவள் இருக்கவில்லை. கடைசி நாள் காலையில் கையைப் பிடிக்கப் போனேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். "உங்களுக்கு நாறும்."