தேவகுமாரி ரீச்சர் போட்ட படம்

இருபத்தாறு வருடம் விலங்கியல் படிப்பித்த தேவகுமாரி, உயிரோடு ஒரு கடற்குதிரையைக் கண்டது ஐம்பதாவது வயதில்தான். அதுவரை அவளுக்குத் தெரிந்தது ஆய்வுகூடப் போத்தலுக்குள் வெளிறிக் கிடந்த ஒன்று மட்டுமே.

காட்டியவர் கனகரத்தினம். வடமராட்சிக் கரையில் ஒரு சின்னக் குடாவில் வலை போடுகிறவர். அவருடைய மகள் வித்தியா தேவகுமாரியிடம் படித்தவள். அந்தப் பழக்கத்தில் ஒரு சனிக்கிழமை ரீச்சரை வள்ளத்தில் ஏற்றிப் போனார். இடுப்பளவுத் தண்ணீர். அடியில் அசைந்த சாதாளைப் புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, வயிறு புடைக்க நின்றது கடற்குதிரை.

"குஞ்சுகளைச் சுமக்கிறது தகப்பன்தான், அண்ணை."

"அப்பிடியோ? இவ்வளவு நாளும் தாயெண்டெல்லே நினைச்சனான்!"

ஃபோனில் எடுத்த படத்தை அன்று மாலையே முகநூலில் போட்டாள். குடாவின் பெயர், கரைக்கு இறங்கிப் போகும் ஒழுங்கைப் பாதை எல்லாம் விபரமாக எழுதினாள். எங்கே கண்டது, எப்போது கண்டது என்று எழுதத்தானே பிள்ளைகளுக்கும் பழக்கியிருக்கிறாள். ஆயிரத்துக்கு மேல் பகிர்ந்தார்கள். தேவாலயத்தில் ஞாயிறு பிரசங்கத்தின் நடுவிலும் ஃபோனைத் திறந்து பார்த்தாள்.

மூன்றாம் வாரம் வித்தியா அழைத்தாள். "ரீச்சர், வெளியாக்கள் ரெண்டு வள்ளத்திலை வந்து சிறுகண் வலையாலை அடியோடை வாரிக்கொண்டு போட்டினம். கடற்குதிரையைக் காயவைச்சு விக்கிறவையாம்."

போய்ப் பார்த்தபோது பிடுங்குண்ட சாதாளை கரையில் குவியலாகக் கிடந்தது. அதற்குள் நண்டுக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. கனகரத்தினம் ஏசவில்லை.

"ஆர் இடம் காட்டினதெண்டு வந்தவங்களைக் கேட்டனான். ஒருத்தன் நீங்கள் போட்ட படத்தை ஃபோனிலை காட்டினான்."

"நான் யோசிக்கேல்லை, அண்ணை."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், ரீச்சர்."

கடற்குதிரைகள் ஏன் அருகிவருகின்றன என்ற கேள்விக்கு எத்தனையோ தடவை விடை எழுதிக் கொடுத்தவள் அவள். படத்தைப் போட்டபோது அந்த விடை தனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றும் மனம் ஆறுவதில்லை. படத்தை அழித்தாள். இனி அழித்தென்ன?

அடுத்த தவணையில் நடந்ததை ஒளிக்காமல் வகுப்பில் சொன்னாள். "அப்ப பிழை விட்டது நீங்களோ, ரீச்சர்?" என்றாள் முன்வாங்கில் இருந்த நிமலினி.

"ஓம், நான்தான்."

இரண்டு வருடமாகிவிட்டது. கனகரத்தினம் இப்போதும் மரியாதையாகத்தான் கதைக்கிறார்; வள்ளத்தில் ஏறச் சொல்லி மட்டும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தானே நடந்து தண்ணீரில் இறங்குகிறாள். சாதாளை திட்டுத் திட்டாக முளைத்திருக்கிறது. சில திட்டுகளில் இறால் குஞ்சுகள் துள்ளுகின்றன. கடற்குதிரை இன்னும் கண்ணில் படவில்லை.