வழிக்காத தாடி

எங்கே வேலை என்று கேட்பவர்களிடம் "ஒரு ஸ்டோரில்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். பிடிபட்ட போதைப்பொருளை வழக்கு முடியும்வரை பூட்டி வைக்கிற இடம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கோயிலுக்குத் தேர் பார்க்க வந்தவர்கள்கூடத் தேரை விட்டுவிட்டு என்னிடம் துப்பாக்கிக் கதை கேட்பார்கள். துப்பாக்கியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்த வெள்ளைக்கார ஊரின் மேற்கு ஓரத்தில், சவுத்தாலைத் தாண்டி ஒரு தகரக் கட்டடம், உள்ளே நாறுகிற மூட்டைகள், ஒழுகுகிற பீப்பாக்கள். போதைப்பொருள் காய்ச்சுகிறவன் அமிலம், அசிட்டோன் என்று கண்டதையும் வாங்கி வைத்திருப்பான். பிடிக்கும்போது அதுவும் சேர்ந்து எங்களிடம் வரும். பீப்பாவின் மேல் ஷாம்பு என்று எழுதியிருக்கும். நம்பித் திறந்தால் நெஞ்சு வெந்துவிடும்.

அங்கே வேலை செய்கிறவர்களின் மூச்சு என் பொறுப்பு. முகமூடி முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிறதா என்று சோதிப்பவள் நான்தான். முகம் மழுங்கச் சவரம் செய்திருந்தால்தான் அது ஒட்டும். முள்ளுமுள்ளாகக் கொஞ்சம் முளைத்திருந்தாலும் அந்த இடுக்கால் ஆவி உள்ளே போய்விடும். இதைக் கத்திக் கத்தியே என் தொண்டை வற்றிவிட்டது.

என்னோடு வேலை செய்த இன்னொரு யாழ்ப்பாணத்து ஆள் தினமும் ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கிற மனோர் பார்க்கிலிருந்து வருவான். கலியாணமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு அவனுடைய மனைவி பிள்ளைத்தாச்சியானாள். வயிறு தெரியத் தொடங்கியதும் இவன் சேவ் எடுப்பதை நிறுத்திவிட்டான். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முடி வெட்டக்கூடாது, தாடி வழிக்கக்கூடாது, மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்று அவனுடைய அம்மா சொல்லிவிட்டா. அம்மா சொன்னால் அவனுக்கு அதற்குமேல் பேச்சில்லை.

சோதனைக்கு அவனை உட்கார வைத்தேன். முகமூடியைப் போட்டு, தலைக்கு மேல் ஒரு பையைக் கவிழ்த்து, கசப்பு மருந்தை உள்ளே புகையாக அடிப்போம். கசப்புத் தெரிந்தால் முகமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம்.

"கசக்குதோ?"

"இல்லை அக்கா."

"பின்ன ஏன் பாவக்காயைப் பச்சையாத் திண்ட மாதிரி முகத்தைச் சுளிக்கிறீர்?"

"என்ர முகமே அப்பிடித்தான் அக்கா."

எனக்கு வந்த கோபத்தில் பையை இழுத்து எறிந்தேன். "தம்பி, ஆரைப் பேய்க்காட்டுறீர்? என்னையோ, உம்மட நெஞ்சையோ? வீட்டை போய்த் தாடியை வழிச்சுப்போட்டு வாரும்."

"ஏலாது அக்கா. எத்தினை வருஷம் காத்திருந்தனாங்கள். பிள்ளைக்கு ஏதும் நடந்தா நான் பிறகு உயிரோட இருப்பனோ?"

தாடிக்காரர்களுக்கென்றே தலை முழுவதையும் மூடி, மோட்டாரால் சுத்தக் காற்று ஊதுகிற ஹூட் இருக்கிறது. அதை வாங்கித் தாருங்கள் என்று மேலாளருக்கு எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். மறுபடி எழுதினேன். மறுபடியும் பரிசீலித்தார்கள். தாய் ஒரு பக்கம், மேலாளர் ஒரு பக்கம், நடுவில் நான் ஒரு விசரி. அவனைப் பீப்பா அறைப் பக்கமே போகக்கூடாது என்று கணினிக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

ஒரு காலை என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எதைப் பற்றிக் கூட்டம்? அந்த ஹூட்டை வாங்குவதா வேண்டாமா என்பதைப் பற்றித்தான். தலையில் அடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அதே நேரம் ஸ்டோரில் ஒரு லோடு வந்திருக்கிறது. ஷிப்டுக்கு வர வேண்டியவன் வரவில்லை. இறக்கி வைத்த பீப்பா ஒன்று வீங்கிச் சரிந்து, மூடியால் கசியத் தொடங்கியிருக்கிறது. இந்தப் புத்திசாலி இடுக்கு அடைபடட்டும் என்று தாடி முழுக்க வாசலின் களிம்பை அப்பி, அதன்மேல் முகமூடியைப் போட்டுக்கொண்டு, பீப்பாவை நிமிர்த்த உள்ளே போயிருக்கிறான். மூடி தெறித்து, அமிலப் புகை நேரே முகத்தில் அடித்திருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது வெளியே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஒண்டுமில்லை அக்கா, கொஞ்சம் இருமல். வாசலின் பூசினனான், காத்துப் போகேல்லை."

"வாயை மூடும்," என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் புகை உடனே ஆளை விழுத்தாது. சில மணித்தியாலம் கழித்துத்தான் நெஞ்சில் தண்ணீர் கட்டும். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் நான்தான் படிப்பித்திருந்தேன்.

பின்னேரம் அவனுடைய மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவனால் ஒரு வசனம் முழுதாகச் சொல்ல முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அழுத்தத்தோடு ஒட்சிசன் கொடுக்கிற முகமூடியை மாட்டினார்கள். தாடி இடுக்கால் காற்று புஸ் என்று வெளியே போனது. மறுபடி இறுக்கினார்கள், மறுபடியும் போனது. வழித்தே ஆக வேண்டும் என்றார் டொக்டர். அவன் இரண்டு கைகளாலும் தாடியைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான்.

அவளுடைய போன் அடித்தது. முழங்கால் ஏலாமல் வீட்டில் இருந்த மாமியார். போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. "வழிக்க விட்டிடாதை பிள்ளை. முருகன் பாத்துக்கொள்ளுவார்."

போனைப் பறித்து அந்த மனுஷிக்கு நாலு வார்த்தை கொடுக்க நான் எழும்பிவிட்டேன். அதற்குள் அவள் போனை அணைத்துவிட்டு, சவரக் கத்தியோடு நின்ற நேர்ஸிடம் கையை நீட்டினாள். "அதைத் தாங்கோ. நான் வழிக்கிறன்."

"நல்ல வேலை செய்தாய் பிள்ளை," என்றேன். "இந்த மூடநம்பிக்கையெல்லாம்..."

"நானும் நம்புறனான் அக்கா," என்றாள். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு. பிள்ளைக்கு ஏதும் எண்டால் அவரில ஒருத்தரும் பழி போடக்கூடாது. நான் வழிச்சனான் எண்டு இருக்கட்டும்."

கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் அவனுடைய கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அழுதான். பெரிய வயிற்றோடு குனிய முடியாமல் குனிந்து, கன்னம், நாடி, கழுத்து என்று ஒரு மயிர் விடாமல் வழித்தாள். முகமூடி இந்த முறை ஒட்டிப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அவனுடைய உதட்டில் நிறம் திரும்பியது.

அவனுடைய மூச்சைக் காட்டுகிற திரையை அவள் பார்க்கவில்லை. கதிரையில் இருந்து, இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்து, மூச்சைக்கூட விடாமல் காத்திருந்தாள். என்னைப் பேசவும் விடவில்லை. வெகுநேரம் கழித்து என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"அசையுது அக்கா," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.