மூன்று நிமிடத்தில் வந்த சிவப்பு

திரையில் அந்தச் சிவப்புக் குறி எரிந்தபோது, ஊற்றிய தேநீரை நான் இன்னும் வாயில் வைத்திருக்கவில்லை.

கடலோர ஊரான நுரைச்சோலையில் ஒரு கடையின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். கடலில் காற்று பலக்குமுன் படகுக்காரரின் தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளை நாங்கள் ஐந்து பேர் எழுதிவந்தோம். நான் பொறுப்பாளன். மென்பொருளை வெளியிடும் நாளில் மட்டுமே தானியங்கிச் சோதனைகளை ஓட்டுவோம். முழுவதும் ஓட ஒரு மணித்தியாலம் பிடிக்கும். பிழை வந்தால், யாருடைய மாற்றத்தால் வந்தது என்று தேடியே பொழுது சாயும்.

சோதனைக்கென்று புதிதாகச் சேர்ந்த பக்கத்து ஊர் மாம்புரித் தங்கச்சிக்கு அது பொறுக்கவில்லை. "வள்ளத்தில ஓட்டையைக் கரையில வெச்சுப் பாக்கணும் நானா, நடுக்கடல்ல இல்ல" என்றாள்; எங்கள் பக்கம் அண்ணனை 'நானா' என்போம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மணித்தியாலம் காத்திருக்க ஏலாது என்று மறுத்தேன். "எல்லாத்தையும் ஆரு ஓட்டச் சொன்ன?" என்று சிரித்தாள். சின்னச் சோதனைகள் மாற்றத்தை அனுப்பிய உடனே, பெரியவை அது மற்றவர்களின் நிரலோடு சேரும்போது, முழுவதும் வெளியிடுமுன். இரண்டு கிழமை இருந்து அப்படியே பிரித்து அமைத்தாள். அரைமனதோடு சம்மதித்தேன்.

அன்று பின்னேரம் பலத்த காற்று வரும் என்று அறிவிப்பு வந்திருந்தது. ஒன்றரைக்கு வள்ளங்கள் கடலில் இறங்கிவிடும். பழைய தொலைபேசிகளில் செய்தி பாதியில் அறுந்ததால், நேரத்தைக் காட்டும் நிரல் வரியைச் சுருக்கி, பதினொன்றரைக்குச் சோதனைக்கு அனுப்பினேன். மூன்றே நிமிடம். சிவப்பு! சின்னச் சோதனையொன்று தோற்றிருந்தது. பின்னேரம் நாலு மணி என்பது விடியற்காலை நாலு மணியாக மாறியிருந்தது.

"நானா, இதைப் பாத்தா நாளைக்குத்தான் காத்தெண்டு நினைச்சுப் போயிருவாங்க!" என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஒரு எழுத்துத்தான் பிழை. திருத்தினேன், பச்சை. முழுச் சோதனையும் ஓடி முடிந்தபோது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. செய்தி பறந்தது. எல்லாரும் கத்தினோம். பழைய வழக்கமென்றால் பன்னிரண்டரைக்குத்தான் பிழையே தெரிந்திருக்கும். திருத்தி மறுபடி ஓட்டி முடிக்குமுன் வள்ளங்கள் போயிருக்கும்.

இன்று அவள் கொழும்பில் பெரிய குழுவொன்றை நடத்துகிறாள். நாங்கள் இன்னும் அவள் வைத்த ஒழுங்கில்தான் ஓட்டுகிறோம். ஆனால் எனக்கு மறக்காதது, செய்தி போன சற்று நேரத்தில் அவளுக்கு வந்த அழைப்பு. அவளுடைய வாப்பாவும் அன்று கடலுக்குப் போகவிருந்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

"மகள், நாலு மணிக்குக் காத்தாம், ஃபோனுக்கு வந்திருக்கு. நான் போகல்ல. நீயும் வேளைக்கு வந்திரு" என்றாராம்.

"ஓம் வாப்பா" என்றாள், அதை அனுப்பியது யார் என்று சொல்லாமலே.