இரண்டு பேர் பேசினால் கூட்டம்

லாவோன் கிட்டல்சன் தன் மனதுக்குப் பிடித்த ஆளோடு காபி குடிக்கப் போகிறாள் என்றால், எங்கள் டன்மோர் கவுண்டி என்கிற சின்ன மாவட்டம் முழுவதற்கும் அது ஒரு நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். யாரும் ஒட்டுக்கேட்க வேண்டாம், வம்பு பேச வேண்டாம். நீதிமன்றக் கட்டடத்தின் வாசல் கதவில் முத்திரை குத்திய அறிவிப்பை நான்தான் ஒட்டுவேன். நான் மாவிஸ், கவுண்டி வாரியத்தின் எழுத்தர். பல கல்யாணங்களுக்குப் பத்திரிகை வந்திருக்கிறது எனக்கு. காதலுக்கு நோட்டீஸ் அடித்தது இந்த ஒரு தடவைதான்.

லாவோன் வாரியத்துக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள். சிரித்தால் பேருந்தின் கடைசி வரிசை வரை கேட்கும். கணவன் லீலண்ட் இறந்து போன பிறகு, அவள் வீட்டுக்குப் போகிற சரளைச் சாலை ஒரு வசந்தகால மழையில் அடித்துக்கொண்டு போயிற்று. அதைக் கேட்க வாரியத்தின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வந்தாள். அடுத்த செவ்வாயும் வந்தாள். சாலை போட்டுக் கொடுத்த பிறகும் வந்தாள். கடைசியில், "இவ்வளவு பேசறவ இந்தப் பக்கம் வந்து உக்காந்துதான் பாரேன்" என்று யாரோ கேலியாகச் சொல்ல, தேர்தலில் நின்று ஜெயித்தே விட்டாள். அவள் பெயர் எழுதிய பலகையை நான் மேசையில் வைத்த அன்று அதை விரலால் தடவிப் பார்த்தாள். "மாவிஸ், எங்க வீட்டு தபால் பெட்டியில கூட லீலண்ட் பேருதான் இருக்கு. எனக்குன்னு ஒரு எடத்துல என் பேரு வர்றது இப்பதான்" என்றாள். அந்த நாற்காலியின் மேல் அவளுக்கு அப்படியொரு ஆசை.

எங்கள் வாரியத்தில் மூன்று பேர். தலைவர் வெண்டல் ப்ராஷ். அவரிடமிருந்து செலவுக்குச் சம்மதம் வாங்குவதை விடக் காளை மாட்டிடம் பால் கறந்துவிடலாம். சாலைக்குச் சரளை, புல்வெட்டும் இயந்திரத்துக்குப் புதுக் கத்தி, களை மருந்து, சிறைச்சாலைப் பாய்லருக்கு ஒரு வால்வு, எதைக் கேட்டாலும் முதலில் வருவது "எதுக்கு?" என்பதுதான். ஒரு நகல் இயந்திரம் வாங்க வசந்தத்தில் பேச ஆரம்பித்து, அறுவடை முடிந்துதான் வாங்கினோம். மூன்றாவது ஆள் ஓரின் ஸ்டெக். அறுபதைத் தொட்ட பிரம்மச்சாரி, மாடு வளர்ப்பவன். வெட்கப்பட்டால் காது மட்டும் தக்காளியாகச் சிவக்கும். கூட்டத்தில் அவன் பேசிய ஒரே சொல் "வழிமொழியறேன்" என்பதுதான் என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காதல் பிறந்தது கழிவறைக் காகிதத்தில். நீதிமன்றக் கட்டடத்துக்கு ஒற்றை அடுக்குக் காகிதம் போதும் என்றார் வெண்டல். லாவோன் எழுந்து நின்றாள்.

"தலைவரே, வரி கட்ட வர்ற ஜனங்க ஏற்கெனவே அழுதுகிட்டுதான் வர்றாங்க. இங்க வந்த பிறகாவது கொஞ்சம் மென்மையா நடத்தலாமே? ரெண்டு அடுக்குக் காகிதம் வாங்கணும்னு முன்மொழியறேன்."

அறையே சிரித்தது. ஓரின் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, "வழிமொழியறேன்" என்றான். அவன் காதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஹெல்காவின் காபிக்கடையில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேரமல் ரோல் சாப்பிட்டார்கள். சனிக்கிழமை காலையே புகார் வந்துவிட்டது. மூன்று பேர் வாரியத்தில் இரண்டு பேர் என்றால் பெரும்பான்மை. பெரும்பான்மை ஓரிடத்தில் உட்கார்ந்து ஊர் வேலை பேசினால் அது கூட்டம். கூட்டம் என்றால் முன்னறிவிப்பு வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வாரியத்து வக்கீல் வானத்தில் ஒரு மேகம் இல்லாதபோதும் மழைக்குப் பயந்து குடையோடு வருகிற ரகம். "நாங்க சரளையைப் பத்திப் பேசலை" என்று லாவோன் சத்தியம் செய்தாள். "பேசலைன்னு யாரு சாட்சி? எதுக்கும் ஒரு அறிவிப்பு ஒட்டிருங்க" என்றார் வக்கீல்.

ஒட்டினேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறந்த எழுத்து அதுதான்: "வாரியத்தின் பெரும்பான்மையினர் வெள்ளி மாலை ஹெல்காவின் காபிக்கடையில் சூப் அருந்தக்கூடும். வாரிய அலுவல் பேசப்படாது. முடிவு எதுவும் எடுக்கப்படாது."

முடிவு எடுக்கப்படுமா இல்லையா என்று பார்க்க ஊரே வந்துவிட்டது. ஹெல்கா பக்கத்துத் தேவாலயத்திலிருந்து மடக்கு நாற்காலி வாங்கிப் போட்டாள். முதல் வெள்ளிக்கிழமை அவர்கள் இருவரும் தலை நிமிரவே இல்லை, சூப்பில் மாவு உருண்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவை டுவேன் ஹாஃப் என்ற பண்ணைக்காரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்துவிட்டான்.

"வந்ததுதான் வந்தேன், எங்க வீட்டு முன்னாடி இருக்கற பாலம்..."

"டுவேன், அதுக்குச் செவ்வாய்க்கிழமை வா. இப்ப உன் காபியைக் குடி" என்றாள் லாவோன்.

"சரி, அப்ப நீங்க பேசுங்க. நான் பாட்டுக்குக் கேட்டுட்டிருக்கேன்."

"என்னத்தைப் பேசறது? நீ மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கியே!"

பாவம் வெண்டல். வெள்ளிக்கிழமை மாலை அதே கடையில் காபி குடிப்பது அவர் இளைஞனாக இருந்தபோதிலிருந்து உள்ள வழக்கம். கதவைத் திறந்து உள்ளே ஒரு கால் வைத்தார். "அய்யோ, முழு வாரியமும் வந்தாச்சு! கூட்டத்தை ஆரம்பிங்க தலைவரே!" என்று மொத்தக் கடையும் கத்தியது. மனுஷர் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், பனி கொட்டுகிற சாலையில் தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து குடித்தார். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து முறைத்துக்கொண்டே குடித்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை ஓரின் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தான். காது சிவக்கச் சிவக்க, அத்தனை பேர் முன்னாலும், "லாவோன், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று கேட்டேவிட்டான். அவள் வாயைத் திறக்கும் முன், பின்னாலிருந்து டுவேன் கத்தினான்.

"சொல்லாத! சொல்லாத! முடிவு எதுவும் எடுக்கப்படாதுன்னு கதவுல போட்டிருக்கு!"

லாவோன் சிரித்த சிரிப்பில் சூப் கிண்ணம் கவிழ்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை சொல்றேன் ஓரின்" என்றாள். சொல்லப்போவது என்ன என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஹெல்கா எல்லோருக்கும் இலவசமாக ரோல் கொடுத்தாள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வக்கீல் வந்து அந்தக் குதூகலத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினார். கல்யாணம் செய்துகொள்ளலாம், தடையில்லை. ஆனால் வாரியத்தின் பெரும்பான்மை ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும். ஒவ்வொரு இரவுச் சாப்பாட்டுக்கும் அறிவிப்பு ஒட்டி, சமையலறைக் கதவைத் திறந்து போட வேண்டி வரும். அது வேண்டாமென்றால் இருவரில் ஒருவர் பதவி விலக வேண்டும்.

"யார் விலகறதுன்னு நாங்க பேசி முடிவு பண்ணிக்கறோம்" என்றாள் லாவோன்.

"அது முடியாதே. வாரியத்துல யார் இருக்கணும்கறது வாரிய அலுவல். கூட்டத்துக்கு வெளியே நீங்க ரெண்டு பேரும் அதைப் பேசக் கூடாது."

அவர் போன பிறகு அவள் என் மேசை முன் உட்கார்ந்து அழுதாள். அதுவரை நான் அவள் அழுது பார்த்ததில்லை. "அவனை விட மனசில்லை மாவிஸ். இந்த நாற்காலியை விடவும் மனசில்லை. ரெண்டுல ஒண்ணைக் கேக்கறாங்களே" என்றாள். எனக்கு அந்தச் சட்டத்தின் மேலும் வக்கீலின் குடையின் மேலும் பொல்லாத கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அறையில் உட்கார இடமில்லை. சென்ற கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டது, பில்கள் ஏற்கப்பட்டன, இரண்டு லாரிச் சரளை ஏற்கப்பட்டது. வெண்டல், "வேற எதாவது?" என்றார்.

லாவோன் ஒரு கடிதத்தை எடுத்தாள். அதே நொடியில் ஓரினும் ஒரு கடிதத்தை எடுத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓரின், என்ன அது?"

"ராஜினாமா. உனக்கு இந்த வேலைன்னா உசுரு. நான் மாட்டைப் பாத்துக்கறேன். உன் கையில என்ன?"

"ராஜினாமாதான்யா! அட மடையா, பதினஞ்சு வருஷமா இருக்கியே, உன்னை நான் எப்படி அனுப்பறது?"

அறையே வெடித்துச் சிரித்தது. டுவேன் தொப்பியை மேலே எறிந்தான், அது மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினார்கள். வெண்டல் மட்டும் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நிறுத்துங்க! ரெண்டு பேரும் போயிட்டா நான் தனியா அந்த ஜெயில் பாய்லர் கூட குடித்தனம் பண்ணவா?"

ராஜினாமா செல்லுபடியாக வேண்டுமானால் வாரியம் அதை ஏற்க வேண்டும். ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். தன் கடிதத்துக்குத் தானே முன்மொழிய முடியாது. அவள் கடிதத்தை ஏற்க ஓரின் முன்மொழியவில்லை. அவன் கடிதத்தை ஏற்க லாவோன் முன்மொழியவில்லை. வெண்டல் கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். முன்மொழிய ஆளில்லாமல் இரண்டும் விழுந்தன என்று குறிப்பில் எழுதினேன்.

"வக்கீலய்யா, வாரியத்துல மூணு பேருக்குப் பதிலா அஞ்சு பேர் இருந்தா?" என்று கேட்டார் வெண்டல்.

"அப்ப பெரும்பான்மைக்கு மூணு பேர் வேணும். ரெண்டு பேர் எங்க வேணா, எதை வேணா பேசலாம். ஆனா அதுக்கு ஜனங்க கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கணும், நவம்பர்ல ஓட்டெடுப்பு நடக்கணும். ரெண்டு பேருக்குக் கூடுதலா சம்பளம் வேற."

சம்பளம் என்றதும் வெண்டலின் கை தன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம். கூட்டத்தை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை என்னிடம் வந்து மனுத்தாள் கேட்டார். அந்தக் கோடை முழுவதும் அந்தக் கஞ்ச மனுஷர் தன் சொந்தப் பெட்ரோலில் பண்ணை பண்ணையாக அலைந்தார். "இது அவங்க கல்யாணத்துக்குன்னு நினைச்சிராதீங்க. வெள்ளிக்கிழமை என் காபியை நான் உள்ள உக்காந்து குடிக்கணும், அவ்வளவுதான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாராம். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

டுவேன் மட்டும் போடவில்லை. நாற்சந்தியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "கல்யாணம் ஆயிட்டா அது ஒரே வீட்டு ஓட்டு. ஓரின் கை தூக்கினா அவளும் தூக்குவா. ஒருத்தி தலையாட்டறதுக்கு நாம எதுக்குச் சம்பளம் கொடுக்கணும்?"

அது லாவோனைத் தைத்தது. வழக்கமாக வாய்க்கு வாய் கொடுப்பவள், அன்று நேராக வண்டியில் ஏறிப் போனாள்.

நவம்பரில், நகல் இயந்திரத்துக்கு மூக்கால் அழுத எங்கள் ஜனங்கள், இரண்டு புதுச் சம்பளங்களுக்கு அள்ளிக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள். முடிவை நான் இரண்டு தடவை வாசித்தேன். புதியவர்கள் இருவர் ஜனவரியில் பதவியேற்றார்கள். அதே வாரம் தேவாலயத்தில் கல்யாணம். வெண்டல் நன்றாகச் சாப்பிட்டார், சூப் மூன்று கிண்ணம்.

பிப்ரவரியில் கல்யாணத்துக்குப் பின் அவர்கள் இருவரும் வந்த முதல் கூட்டம். ஓரின் தொண்டையைச் செருமிக்கொண்டு புதிதாக ஒரு பனி அகற்றும் லாரி வாங்க முன்மொழிந்தான். அவன் முன்மொழிந்து நான் கேட்டதே அன்றுதான். புதியவர்களில் ஒருவர் வழிமொழிந்தார். நான் ஒவ்வொரு பெயராக அழைத்தேன். புதியவர்கள் இருவருமே ஆதரவு. ஓரின் ஆதரவு. வெண்டல், கேட்கவே வேண்டாம், எதிர்ப்பு. கடைசியாக லாவோன் பெயரை அழைத்தேன். பின் வரிசையில் டுவேன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"எதிர்ப்பு" என்றாள் லாவோன், பேருந்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற அதே குரலில். "பழைய லாரிக்கு எஞ்சின் மாத்தினா இன்னும் அஞ்சு குளிர்காலம் ஓடும். நேத்து சமையலறையில சொன்னேன், காதுல வாங்கலை. அதனால இங்க சொல்றேன்."

மூன்றுக்கு இரண்டு. லாரி வாங்குவதாக முடிவாயிற்று. லாவோன் தோற்றாள், ஆனால் முகம் முழுக்கப் பல்லாக உட்கார்ந்திருந்தாள். ஜெயித்த ஓரினுக்குக் காது இரண்டும் சிவந்து கிடந்தன.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது டுவேன் அவனருகே வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"ஊர் முன்னாடியே இந்தப் போடு போடறாளே. இவ கூட எப்படிய்யா குடும்பம் நடத்தற?"

ஓரின் அவளுடைய கோட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"பேசித்தான்" என்றான்.