மாற்று ஆள் வரும்வரை

பாடப்புத்தகத்தில் உலகப்போர் எட்டுப் பக்கம். யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் தோற்றார்கள், எங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் இருக்கும். சிப்பாய் காலையில் என்ன தின்றான், நனைந்த காலுறையை எங்கே காயவைத்தான் என்று மட்டும் ஒரு வரி கிடையாது. எனக்கு அதில் எப்போதும் எரிச்சல். ஏற்காட்டு மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த வருடம், ஒருநாள் மதியம் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: "புஸ்தகத்தை மூடுங்க. இன்னைக்கு நீங்கதான் பட்டாளம்."

இருபத்திரண்டு பேர். கல்லு மாதிரி இருந்த பழைய ரொட்டியை ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். எழுதத் தெரியாத சிப்பாய்க்குப் பக்கத்து ஆள் கடிதம் எழுதிக் கொடுப்பதை நடித்தோம். பிறகு காவல். சண்டையைவிடக் காத்துக் கிடந்ததுதான் அதிகம் என்று புரியட்டுமே என்று, பள்ளிக்குப் பின்னால் காப்பித் தோட்டச் சரிவில் நான்கு பேரைக் கையில் குச்சியோடு நிறுத்தினேன். மாற்று ஆள் வரும்வரை நகரக் கூடாது, வருகிறவர் ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் இடத்தை விட வேண்டும் என்பது சட்டம். வார்த்தையைப் பிள்ளைகளே வைத்தார்கள்: பலாக்கொட்டை. அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு!

கடைசிக் காவல், வேலியோரம் மிளகுக்கொடி படர்ந்த மரத்தடி. வகுப்பிலேயே சின்னவள் அங்கே நின்றாள். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் மகள், வாயே திறக்காத பிள்ளை.

பத்து நிமிடத்தில் பனி ஏறியது. எதிரில் நிற்கிறவர் முகம் தெரியவில்லை, தூறலும் சேர்ந்துகொண்டது. விசில் ஊதி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னேன். ஒண்ணு, ரெண்டு என்று குரல்கள் வந்தன. பதினாலு அந்தச் சின்னவளின் எண். "பதினாலு" என்று குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்த குரல். குளிரில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டும் சரியாக வந்தது. பிள்ளைகளை உள்ளே விரட்டிவிட்டு, நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு அலுவலக அறைக்குப் போய்விட்டேன். அப்போது மணி இரண்டரை.

நாலு மணிக்கு மணி அடித்தது. கொட்டச்சேடு போகிற பஸ்ஸுக்குப் பிள்ளைகள் ஓடினார்கள். வகுப்பைப் பூட்டப் போனபோது பெஞ்சில் ஒரு பை தனியாகக் கிடந்தது.

ஐயோ, அந்தச் சின்னவளின் பை. அந்த வாரம்தான் அந்தச் சரிவில் காட்டெருமை நின்றதாக வாட்ச்மேன் சொல்லியிருந்தார். ஒன்றரை மணி நேரம்! பாவி, நான்தானே நகராதே என்று சொன்னேன். செருப்பை உதறிவிட்டு ஓடினேன். கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். பனி என் குரலை அப்படியே தின்றது.

"நில்லு! யாரது?"

மரத்தடியில் தோளில் குச்சியோடு நின்றிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். அவள் குச்சியை இறக்கவில்லை. "பலாக்கொட்டை" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"ஏன் கண்ணு, மழை வந்ததும் ஓடி வந்திருக்கலாம்ல?"

"இன்னொருத்தரு வந்தாருங்க டீச்சர். நீ போ சாமி, நான் நிக்கறேன்னாருங்க. அவருக்கு வார்த்தை தெரியலைங்க. அதான் நான் போவலை."

"யாரு? வாட்ச்மேனா?"

"இல்லீங்க. நம்ம பேச்சுத்தான் பேசுனாரு, தொண்டை கட்டுன மாதிரி. முழங்கால் வரைக்கும் துணிப்பட்டை சுத்தியிருந்தாருங்க. நொம்ப ஈரம்."

அந்தக் காலத்துச் சிப்பாய்கள் காலில் சுற்றிய துணிப்பட்டையைப் பற்றி அடுத்த வாரம்தான் சொல்வதாக இருந்தேன். ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை.

"அவரையும் மாத்தி உடுங்க டீச்சர். அவருக்கு மாத்து ஆளே வரலைங்களாம். பாவமுங்க."

பட்டாளம், காத்திருப்பு என்று மதியம் அவ்வளவு பேசிய நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்கிறேன், பயம்தான். அந்தப் பிள்ளை பனியைப் பார்த்துத் திரும்பிக் கத்தினாள்:

"ஏனுங்க! வார்த்தை பலாக்கொட்டைங்க! மாத்து வந்தாச்சு, நீங்க ஊட்டுக்குப் போங்க!"

கீழே காப்பிச் செடிகளுக்குள் ஈரச் சருகு மிதிபடும் சத்தம். காட்டெருமையாக இருக்கலாம். ஆனால் புண்பட்ட காலோடு ஒரு மனுஷன் நடப்பதைப் போல, விட்டு விட்டுக் கேட்டது. கீழே வாழவந்தி ஊர்ப் பக்கம் இறங்கி, கேட்காமல் போயிற்று.

அன்றிரவே அவள் அம்மாவின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன், காவல் விளையாட்டு மட்டும் கிடையாது. குரலை நம்பி எண்ணுவதும் இல்லை. ஒவ்வொரு தலையாகத் தொட்டுத்தான் எண்ணுகிறேன். பதினாலாவது தலையில் கையை வைத்துவிட்டு, முகத்தையும் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.