குழி வெட்ட வந்தவர்கள்

இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரு பிரிவுகள். இரண்டிலும் ஒவ்வொரு செட்டு இளைஞர்கள். அவர்கள் வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் தெரேசாவின் வேலை. ஹட்டனிலுள்ள ஒரு சிறு அமைப்பு அவரை அதற்கு அமர்த்துமுன், தொழிலாளரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். இன்று சட்டைக்குள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு திரிபவர்களில் பலர் அவர் தொட்டிலாட்டித் தூங்கவைத்தவர்கள்.

சென்ற மாதம் கீழ்க்கணக்கு விஜிதரன் வெட்டியதில் மேற்கணக்கு கஜேந்திரனுக்கு இடக்கை விரல்கள் மடங்காமல் போயின. விஜிதரன் பிணையில் வந்தபின், பதில் வெட்டு விழாமல் தெரேசா ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்போதுதான் விஜிதரனின் அப்பா சின்னராசா இறந்துபோனார்.

ஒரு கணக்கில் சாவு விழுந்தால், மறு கணக்கு இளைஞர்கள் வந்து குழி வெட்டுவது அங்கு வழக்கம். மண்வெட்டிகளோடு இரு செட்டும் ஓரிடத்தில் நிற்பதை நினைத்துத் தெரேசா பயந்துபோனார். விடிந்ததும் மேற்கணக்குக்கு ஏறினார்.

"தம்பி, இந்த ஒரு தடவ நீங்க யாரும் வர வேணாம். அவங்களே வெட்டிக்கிருவாங்க."

கஜேந்திரனின் முகம் மாறியது. "அவன் சொல்லி அனுப்புனானா?"

"இல்லப்பா, நானாத்தான்..."

"கைய வெட்டுனான், பொறுத்துக்கிட்டோம். இப்ப சாவுக்கும் ஆகாதவங்களாயிட்டோமா? போங்க ஆயம்மா. இனி அவன எங்க பாக்கணுமோ அங்க பாத்துக்கிறோம்."

"ஆயம்மாவுக்கு நம்மள இன்னும் தொட்டில்ல போட்டுக் கட்டி வைக்கணும்" என்று அருகிலிருந்த பிரதாப் சிரித்தான்.

இறங்கும் வழியில் தெரேசா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலித்தது. சாவுக்கு வராதே என்பதைவிடப் பெரிய அவமானம் தோட்டத்தில் இல்லை. அது அவர் அறியாததன்று, பயத்தில் மறந்தது. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததைத் தாமே அவிழ்த்துவிட்டிருந்தார்.

இழவு வீட்டில் விஜிதரனைத் தனியே அழைத்தார். "நீ போய்க் கூப்பிடு."

"கூப்பிட்டா வருவானா?"

"கூப்பிடலன்னா கத்தியோட வருவான்."

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விஜிதரன் தனியாக ஏறினான். அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்க தெரேசா. கஜேந்திரன் அவனை வாசலில் வெகுநேரம் நிறுத்தி வைத்தான்.

"அப்பா போயிட்டாரு. வாங்க" என்றான் விஜிதரன்.

கஜேந்திரன் பிரதாப்பின் பக்கம் திரும்பி, "மண்வெட்டிய எடுடா" என்றான்.

குழியருகே கஜேந்திரனால் பிடியை இறுகப் பற்ற முடியவில்லை. வலக்கையால் மண்ணை ஒதுக்கினான். விஜிதரன் அதைப் பார்க்காமல் தலைகுனிந்துகொண்டான்.

அடக்கம் முடிந்து கலையும்போது, கஜேந்திரன் தெரேசாவிடம் வந்தான். "இது அவங்க அப்பாவுக்கு, ஆயம்மா. அவனுக்கில்ல."

"தெரியும்பா. நாளைக்கு மேல வாரேன்."

"வந்து?"

"சும்மா உக்காந்திருக்கேன்."